பன்னிரண்டு பேருக்கு என்ன தெரியும்? ஜூரியின் கதை

வணக்கம்.

ஜூரி என்றால் வழக்கைக் கேட்டு ‘குற்றவாளியா, இல்லையா’ என்று சொல்லும் சாதாரணக் குடிமக்கள். அமெரிக்காவில் ஒருவரை ஜூரியாக உட்கார வைப்பதற்கு முன் வக்கீல்கள் அவரைத் துருவித் துருவிக் கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தெரியுமா? செத்தவர் சொந்தமா? பேப்பரில் படித்து ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்களா? ‘ஆமாம்’ என்றால் பெரும்பாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பவரால் கோர்ட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊர் விவரம் தெரிந்த ஆளைத்தான் ஜூரியாகப் போட்டார்கள். அது எப்படி இப்படித் தலைகீழானது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: பழைய ஏதென்ஸ், கல் பெஞ்சுகள்]

வழக்கமாக இந்தக் கதையைக் கிரேக்கத்தில் ஆரம்பிப்பார்கள். கி.மு. 399-ல் சாக்ரடீசுக்கு மரண தண்டனை கொடுத்தது சுமார் ஐந்நூறு குடிமக்கள் போட்ட ஓட்டு. உண்மைதான். ஆனால் இன்றைய ஜூரிக்கு அது தாத்தா இல்லை, தூரத்து உறவு கூட இல்லை. நம் கதைக்கு ஆரம்பம் பன்றிக் கணக்கு.

1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார் வில்லியம். பிடித்த நாட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே? 1086-ல் அதிகாரிகளை ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள்: இந்த நிலம் யாருடையது, எத்தனை ஏர், எத்தனை மாவு மில், எத்தனை பன்றி? ஜூரி என்ற சொல்லின் வேரே ‘சத்தியம் செய்’ என்ற பிரெஞ்சுச் சொல்தான். நம் ஊரில் வரி போட கிராம முன்சீப்பும் கர்ணமும் நிலக் கணக்கு சொன்ன மாதிரி. அங்கே அதைச் சத்தியம் செய்து ஊரே சொன்னது.

1166-ல் இரண்டாம் ஹென்றி அதே வழியைக் குற்றத்துக்கும் கொண்டுவந்தார். வட்டாரத்துக்குப் பன்னிரண்டு பேர், ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் நான்கு பேர். ‘உங்கள் பக்கத்தில் யார் திருடன், யார் கொலைகாரன், யார் அவர்களுக்கு இடம் கொடுக்கிறவன்’ என்று அவர்கள் சத்தியத்தின் பேரில் சொல்ல வேண்டும். கவனியுங்கள், அவர்கள் வேலை குற்றம் சாட்டுவது மட்டும்தான். தீர்ப்பு? அது கடவுள் வேலை.

[திரையில்: பழுத்த இரும்பு]

பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பது அடி நடக்க வேண்டும். கையைக் கட்டுப்போட்டு மூடிவிடுவார்கள். மூன்று நாள் கழித்துப் பிரிப்பார்கள். புண் ஆறிவந்தால் நிரபராதி, சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. இல்லையென்றால் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் தொலைந்தான். நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விடும் ‘கைமுக்கு’ பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தது.

இந்தச் சோதனைக்கு மந்திரம் சொல்லி இரும்பை ஆசீர்வதிக்கப் பாதிரியார் வேண்டும். 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லேட்டரன் சபை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய கூட்டம், பாதிரியார்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம்தான் இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட மாக்னா கார்ட்டா சாசனமும். பலரும் ஜூரிக்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். என் கணக்கில் ரோம் போட்ட தடைதான் பெரிய காரணம். சிறையில் ஆட்கள், தீர்ப்புச் சொல்லக் கடவுள் இல்லை. என்ன செய்வது? ஏற்கெனவே கைவசம் இருந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். ‘குற்றம் சாட்டினீர்களே, இவன் செய்தானா இல்லையா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று அவர்களிடமே விட்டார்கள்.

ஒரு சிக்கல் வந்தது. கடவுள் தீர்ப்பை யாரும் மறுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் தீர்ப்பை நான் ஏன் ஏற்க வேண்டும்? அதனால் ‘ஊர் முடிவுக்கு விடுகிறேன்’ என்று கைதியே வாயைத் திறந்து சொன்னால்தான் ஜூரி உட்காரும். சிலர் சொல்லவில்லை. 1275-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: சம்மதிக்காதவனைக் கடும் சிறையில் வை. நாளடைவில் அது சித்திரவதையாக மாறியது. மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் மேல் கல்லும் இரும்புமாக ஏற்றுவார்கள். சம்மதம் வரும், அல்லது உயிர் போகும். சிலர் தெரிந்தேதான் செத்தார்கள். ஜூரி குற்றவாளி என்று சொன்னால் சொத்து பறிபோகும், அதற்கு முன்பே செத்துவிட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சும். இந்தப் பழக்கம் 1772 வரை சட்டத்தில் இருந்தது.

[திரையில்: லண்டன், 1670]

சரி, லண்டனுக்கு வருவோம். வில்லியம் பென், வில்லியம் மீட் என்று இரண்டு பேர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஜெபக் கூடத்தை அரசு பூட்டிவிட்டதால் கிரேஸ்சர்ச் தெருவில் நின்றே பிரசங்கம் செய்தார் பென். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டிக் கலகம் செய்ததாக வழக்கு.

ஜூரி யோசித்துவிட்டு வந்து சொன்னது: ‘பென், கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றவாளி.’ அவ்வளவுதான். தெருவில் பேசுவது எந்தச் சட்டத்தில் குற்றம்? நீதிபதிகளுக்குக் கோபம் வந்தது. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, கணப்பு இல்லை, புகையிலை இல்லை என்று பன்னிரண்டு பேரையும் இரண்டு ராத்திரி பூட்டி வைத்தார்கள். வெளியே வந்தவர்கள், போதாக்குறைக்கு, ‘குற்றமே இல்லை’ என்றார்கள். ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம். கட்ட மறுத்த எட்வர்ட் புஷல் நியூகேட் சிறைக்குப் போனார்.

ஆட்கொணர்வு மனு தலைமை நீதிபதி ஜான் வாகனிடம் வந்தது. தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று அவர் விடுதலை செய்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பாருங்கள்: ஜூரிகள் அந்த வட்டாரத்து ஆட்கள், நீதிபதிக்குத் தெரியாத சங்கதி அவர்களுக்கு நேரடியாகத் தெரிந்திருக்கலாம். இந்த வழக்கு ஜூரிக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது. ஆனால் வாங்கிக் கொடுத்த வாதம் அந்தப் பழைய பன்றிக் கணக்குக் காலத்து வாதம்! அதற்குள் நகரம் பெரிதாகி, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. கோர்ட்டில் கேட்டதை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்தான் நல்ல ஜூரர் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது.

அந்தச் சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஜூரியை மூட்டைகட்டி மெட்ராஸுக்கும் கொண்டுவந்திருந்தது. 1665, ஜார்ஜ் கோட்டை. அசென்ஷியா டாஸ் என்ற பெண் தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக வழக்கு. ஜூரியில் ஆறு ஆங்கிலேயர், ஆறு போர்த்துகீசியர். கோட்டைக்கு வெளியே இருந்த ஊரிலிருந்து ஒருவர் கூட இல்லை. ‘கொலை செய்தது உண்மை, ஆனால் குற்றச்சாட்டில் சொன்ன விதத்தில் இல்லை’ என்று ஜூரி முதலில் இழுத்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லக் கோட்டையில் சட்டம் படித்தவர் யாரும் இல்லை. கடைசியில் ‘குற்றவாளி இல்லை’ என்று முடித்துவிட்டார்கள்.

[திரையில்: சென்னை ஹைகோர்ட்]

அதே மெட்ராஸ், 279 வருடம் கழித்து. 1944 நவம்பர் 8. மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனைக் குத்திவிட்டார்கள், மறுநாள் அவர் இறந்தார். கைதானவர்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தார்கள். பாகவதரின் தீபாவளிப் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரம். கிசுகிசுக்களைப் படிக்காதவர் ஊரில் யார்? ‘இவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லக்கூடிய ஒன்பது பேரை எங்கே தேடுவது?

ஏன் ஒன்பது? இந்தியச் சட்டத்தில் ஹைகோர்ட் ஜூரிக்கு ஒன்பது பேர். ஆறு பேர் ஒரே பக்கம் இருந்து நீதிபதியும் ஒத்துக்கொண்டால் போதும். 1945 மே மாதம் வந்த முடிவு: ஆறுக்கு மூன்று, குற்றவாளிகள். ஒருவர் மாறியிருந்தால் கணக்கு உதைத்திருக்கும். நீதிபதி மாக்கெட் ஆயுள் தண்டனை கொடுத்தார். அன்று கடைசி அப்பீலுக்கு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிவந்த வழக்கில் 1947-ல் ஹைகோர்ட் இருவரையும் விடுவித்தது. பாகவதரின் மார்க்கெட் திரும்பவில்லை.

அடுத்தது பம்பாய். 1959 ஏப்ரல் 27 அன்று கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். ‘பிளிட்ஸ்’ வாரப் பத்திரிகை அவரை ஹீரோவாக்கியது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ‘குற்றவாளி இல்லை’ என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஆயுள் தண்டனை கிடைத்தது, 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது, 1964-ல் மன்னிப்பில் வெளியே வந்தார்.

‘நானாவதி வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது’ என்று ஃபார்வர்டு மெசேஜ்களில் பார்த்திருப்பீர்கள். தவறு. அந்தத் துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தின வருடமே, 1958-ல், சட்டக் கமிஷன் ஜூரி வேண்டாம் என்று எழுதிவிட்டது. நானாவதிக்கு அப்புறமும் சில இடங்களில் ஜூரி உட்கார்ந்தது. 1974 ஏப்ரல் 1-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான் முழுதாக முடிந்தது. பார்சி விவாகரத்து வழக்குகளில் மட்டும் அந்தச் சமூகத்துப் பிரதிநிதிகள் உட்காரும் ஏற்பாடு மிச்சம் இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஜூரி ஒழியவில்லை. அங்கே ஏழு பேர். எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று எதிரியே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரே, கேட்கலாம். சொன்னது புரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது, ஒருவகையில் நியாயமும் கூட. யாழ்ப்பாண மாவட்ட எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் எதிரிகள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டார்கள், கிடைத்தது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அந்த ஏழு பேரும் திரும்பி வந்து, எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று சொன்னார்கள்.