கொல்லைக் குளத்துக்கு மின்சாரம்: மண்வெட்டி எடுக்கும் முன்

[காட்சி: வீட்டின் பின்புறம். தரையில் கோலப்பொடியால் வரைந்த குளத்தின் எல்லை.]

வணக்கம். வீட்டுக் கொல்லையில் மீன் குளமோ அல்லிக் குளமோ அமைக்க விரும்புவோர், தார்ப்பாய், கல், செடி, மீன் ஆகிய அனைத்தையும் முடிவு செய்துவிட்டு, நீர் நிரம்பிய பிறகுதான் பம்புக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கிறார்கள். உடனே சமையலறை ஜன்னல் வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வெளியே வருகிறது. அதைத் தவிர்ப்பதற்கான திட்டத்தை இப்போது பார்ப்போம்.

முதலில் கணக்கு. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 4,500 லிட்டர் நீர் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு நீரும் வடிகட்டியில் சுற்றிவர, மணிக்கு 2,250 லிட்டர் தரும் பம்பு வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை மேலே தூக்காத நிலையில் கிடைப்பது என்பதால், சற்றுப் பெரிதாகவே வாங்குங்கள். பம்புக்கு 50 வாட், பாசியைக் கட்டுப்படுத்தும் புற ஊதா விளக்குக்கு 18, நீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏர் பம்புக்கு 20, அலங்கார விளக்குகளுக்கு 18 என்று வைத்தால், மொத்தம் 106 வாட். 230 வோல்ட்டில் இது அரை ஆம்பியர்கூட இல்லை. ஆனால் விளக்குகள் தவிர மற்றவை இரவும் பகலும் ஓடுவதால், இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் சுமார் 127 யூனிட் கூடும்.

[காட்சி: மீட்டர் பெட்டியின் அருகே உள்ள பாதுகாப்புச் சாதனங்கள்.]

ஆக, குளத்தின் மின்சுமை மிகச் சிறியது. அபாயம் கசிவில்தான் இருக்கிறது. எம்.சி.பி. எனும் தானியங்கி சுவிட்ச் அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டுமே விழும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். நீரில் கைவைத்தவரின் உடல் வழியே பாயும் சிறு மின்னோட்டம் அதற்குத் தெரியாது. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோது துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இங்கே கட்டாயம். கூடவே நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். அது இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு மண்ணுக்குப் போய்ச் சாதனம் விழுந்துவிடும்.

பலரும் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் கோத்தால், நள்ளிரவில் பம்பின் உறை கசிந்து அந்தச் சாதனம் விழும்போது ஏர் பம்பும் நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இரவில் பாசியும் செடிகளும் அதை வெளிவிடாமல் உட்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் அதிகமுள்ள குளத்தில், காலையில் நாம் பார்ப்பது மிதக்கும் மீன்களைத்தான். எனவே நீருக்குள் இருப்பவற்றுக்கு ஓர் இணைப்பும், ஏர் பம்புக்கு வேறோர் இணைப்பும், ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.சி.சி.பி.யும் அமைக்கச் சொல்லுங்கள். மின்தடையைச் சமாளிக்க ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் சேர்த்தால் போதும். 20 வாட் பேட்டரிக்குப் பெரிய பாரமன்று, அதன் குழாய் மட்டுமே நீரில் இறங்குகிறது. ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் திரும்பி ஏறிவிடும். இன்வெர்ட்டரின் நியூட்ரலை, அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் வயரை, மற்ற இணைப்பின் நியூட்ரலோடு கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும் என்பதை வயர்மேனிடம் முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

[காட்சி: தோண்டிய பள்ளத்தில் ஆர்மர்டு கேபிள்.]

வீட்டிலிருந்து குளம் வரை, எலி கடிக்க முடியாதபடி உலோகக் கவசம் கொண்ட ஆர்மர்டு கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்குங்கள். அதே பள்ளத்தில் ஒரு காலிக் குழாயையும் போட்டுவையுங்கள். பின்னாளில் வேறொரு விளக்குக்கு மறுபடி தோண்ட வேண்டியிராது. பிளக் பாயிண்ட் குளத்தின் விளிம்பிலிருந்து 2 மீட்டருக்கு அப்பால், மழைநீர் புகாத பெட்டியில், ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லையில் தேங்கும் நீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பம்பின் வயரை நீருக்குள் ஒருபோதும் ஒட்டுப்போடாதீர்கள்.

நீருக்கடியில் எரியும் விளக்குகளுக்கு 12 வோல்ட்டே நல்லது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. உதாரணமாக, அந்த மின்னழுத்தத்தில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் தேவை, 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் தூரம் கொண்டுபோனால் வழியிலேயே ஏறத்தாழ மூன்றரை வோல்ட் போய்விடும், விளக்கு மங்கும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மரைக் குளத்தின் அருகே, ஆனால் அந்த 2 மீட்டருக்கு வெளியே வையுங்கள்.

நீரை நிரப்பும் முன் ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை அதையே செய்யுங்கள். வடிகட்டியைக் கழுவ நீரில் கையை விடும் நாளில், சாதாரண சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது ஒரு வயரைத்தான் துண்டிக்கிறது, தவறாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருந்தால் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் நீருக்குள்ளேயே உயிருடன் நிற்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே குனியுங்கள்.