நகையை அடகு வைத்து வாங்கிய கிரிப்டோ காயின் விலை விழுந்தால் மனதை எப்படி அடக்குவது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கிரிப்டோ காயின், அதாவது இணையத்தில் மட்டுமே வாங்கி விற்கும் டிஜிட்டல் நாணயம் பற்றியது. கொஞ்சம் நீளமானது. முழுதாகவே படித்துவிடுகிறேன். "வணக்கம் அண்ணா. ஒரு சின்ன காயினில் 3 லட்சம் ரூபாய் போட்டேன். அதில் ஒன்றரை லட்சம் நகைக்கடன். இப்போது மதிப்பு 1,10,000. இன்னும் ஒரு லட்சம் போட்டால் ஆவரேஜ், அதாவது வாங்கிய சராசரி விலை, இறங்கிவிடும் என்று நண்பர் சொல்கிறார். இரவு இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து விலை பார்க்கிறேன். மனதைக் கட்டுப்படுத்த வழி சொல்லுங்கள்."

தம்பி, மனதைக் கட்டுப்படுத்தும் வழி என்னிடம் இல்லை. உங்கள் மனது சரியாகத்தான் வேலை செய்கிறது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும் பணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டால் தூக்கம் வரக்கூடாது. வந்தால்தான் பயப்பட வேண்டும். மனைவிக்குத் தெரிந்து அடகு வைத்தீர்களா என்பது கேள்வியில் இல்லை. நானும் கேட்கவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2021 மே 19, ஊரடங்கு நேரம். பிட்காயின் அன்று காலையில் 43,000 டாலரை ஒட்டி இருந்தது. மாலை ஆறரை மணி வாக்கில் 30,000. மொட்டைமாடியில் காய்ந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு செயலியைத் திறக்கப் பார்க்கிறேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாகத் திறந்ததும் இருந்ததை எல்லாம் விற்றுவிட்டேன். இரவுச் சாப்பாடு முடிவதற்குள் விலை 37,000ஐத் தாண்டிவிட்டது. என் தம்பியும் அதே காயினை வைத்திருந்தான், 8,000 ரூபாய்க்கு. அன்று சாயங்காலம் முழுக்க அவன் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். விலை விழுந்ததே மறுநாள்தான் அவனுக்குத் தெரியும். அவனுக்கு என்னைவிட மன உறுதி அதிகம் என்றா நினைக்கிறீர்கள்? பஸ்ஸில் நடத்துனர் சில்லறை கேட்டாலே சண்டைக்குப் போகிறவன். அவன் போட்டிருந்தது போனாலும் பரவாயில்லை என்ற பணம். நான் போட்டிருந்தது மகளின் கல்லூரிக் கட்டணம்.

அதனால் கிரிப்டோவில் நிதானம் வேண்டும், தியானம் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். நிதானம் போட்ட தொகையில் இருக்கிறது. அதிலும் இந்தச் சந்தை வேறு மாதிரி. பங்குச் சந்தை மாலை மூன்றரை மணிக்குக் கதவைச் சாத்திவிடும். சனி, ஞாயிறு விடுமுறை. சென்செக்ஸ், நிஃப்டி போன்ற குறியீட்டெண் 10 சதவீதம் விழுந்தாலே வணிகத்தை நிறுத்தி மூச்சுவிட நேரம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. இங்கே எதுவும் கிடையாது. தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் விலை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எவ்வளவு போடலாம் என்று கேட்பீர்கள். இருப்பதிலேயே பெரிய காயினான பிட்காயினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் 20,000 டாலரைத் தொட்டுவிடும்போல் போனது, ஓராண்டில் 3,000 சொச்சத்துக்கு வந்தது. 2021 நவம்பரில் 69,000 வரை போனது, அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. அதுவே இப்படி என்றால் சின்ன காயின்கள் எம்மாத்திரம்? ஆகவே போடப்போகும் தொகையை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். மிஞ்சப்போவது அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டால் வீட்டு மளிகை, தவணை, பள்ளிக் கட்டணம் ஏதாவது இடிக்கிறதா? இடித்தால் தொகை அதிகம். 80 சதவீதம் விழுந்தது பழைய இடத்துக்கு வர ஐந்து மடங்கு ஏற வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எந்த விலை வந்தால் விற்பேன் என்பதை வாங்குவதற்கு முன்பே மளிகைக் கணக்கு நோட்டில் எழுதிவிடுங்கள். வாங்கிய பிறகு எழுதினால் அது கணக்கு அல்ல, வேண்டுதல்.

இப்போது உங்கள் நண்பரிடம் வருகிறேன். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் ஒரு கேள்வியை வெளியிட்டார்கள். நிச்சயமாக 3,000 இழப்பதா, இல்லை 4,000 இழக்க 80 சதவீத வாய்ப்பும் ஒன்றுமே இழக்காமல் தப்ப 20 சதவீத வாய்ப்பும் உள்ள ஆட்டமா? கணக்குப்படி ஆட்டத்தில்தான் இழப்பு அதிகம், சராசரியாக 3,200. ஆனாலும் 92 சதவீதம் பேர் ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நஷ்டத்தில் இருப்பவனுக்குச் சூதாட்டம் நியாயமாகத் தெரியும். "ஆவரேஜ்" என்ற சொல் அந்த ஆட்டத்துக்கு உடுத்திவிட்ட வேட்டி சட்டை.

2022 ஏப்ரலில் லூனா என்ற காயின் 100 டாலரைத் தாண்டி விற்றது. மே மாத நடுவில் ஒரு சென்ட்டுக்குக்கூடப் பெறவில்லை. இடையில் 30 டாலரில் மலிவு என்று வாங்கியவர்கள் உண்டு, 5 டாலரில் வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய ஆவரேஜ் மிக அழகாக இறங்கியிருக்கும். ஒரு காயின் ஏன் விழுகிறது என்று தெரியாமல் மேலும் வாங்குவது, எங்கே ஓட்டை என்று பார்க்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பதற்றத்தில் அடிக்கடி மாற்றி மாற்றி விற்று வாங்குகிறவர்களுக்கு நம் நாட்டு வரி தனியாக ஓர் அடி கொடுக்கும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரித்தொகையின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிச்சம் பூஜ்யம், ஆனால் 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்கும்போதே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வரி, வேறு. ஒரு லட்சத்தை ஐம்பது முறை விற்று வாங்கினால், விலை ஏறாமல் இறங்காமல் இருந்தாலும் 39,000 ரூபாய்க்கு மேல் டிடிஎஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு திரும்பக் கேட்கலாம்தான், அதுவரை அது உங்கள் கையில் இல்லை.

காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சையே நம்பி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதை இன்றைக்குச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது. ஓராண்டுக்கு மேல் வாடிக்கையாளர்கள் தங்கள் காயினைத் தொட முடியவில்லை.

உங்களுக்கு என் பதில் இதுதான். நண்பர் சொல்லும் அந்த ஒரு லட்சம் உங்கள் கையில் உண்மையிலேயே இருந்தால் நேராகப் போய் நகைக்கடனில் கட்டுங்கள். கடன் வாங்கித்தான் போட வேண்டும் என்றால் அந்தப் பேச்சையே விடுங்கள். மீதி 1,10,000ஐப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: இன்று இது ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே காயினை வாங்குவீர்களா? வாங்க மாட்டேன் என்றால் விற்றுவிட்டு, அதையும் அடகுக் கடைக்கே கொண்டுபோங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்றுவிடுவேன். விற்கும்போது 1,100 ரூபாய் டிடிஎஸ் பிடிப்பார்கள். நஷ்டத்தில் விற்றதற்கு என்ன கணக்கு என்று பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வருமான வரி அறிக்கையில் மறக்காமல் காட்டித் திரும்ப வாங்குங்கள், ஒரு மாத வட்டிக்காவது உதவும்.