நாரி இறுக்கத்தை ஸ்கேனில் பார்க்கலாமா?

சரி, அடுத்த கேள்வி கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். "இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதம். இடப்பக்க நாரி பிடித்தபடியே இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் மூட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியுமாமே, எடுக்கட்டுமா?"

முதலில் ஒரு குழப்பம். வெள்ளவத்தையில் என்னிடம் வருகிறவர்கள் பலர் "அல்ட்ராசவுண்ட் பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். விசாரித்தால், ஜெல் பூசி நாரியில் தேய்த்த சிகிச்சையைச் சொல்கிறார்கள். அந்த மெஷின் படமே காட்டாது. தங்கச்சி கேட்பது, வயிற்றுப் பிள்ளையைப் பார்த்தார்களே, அந்த ஸ்கேன்.

அதிலும் ஒரு சிக்கல். ஒலி எலும்பில் பட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும், மூட்டுக்குள் போகாது. அதனால் இறுக்கத்தை நேரே பார்க்க முடியாது, சுற்றிவளைத்துத்தான் பிடிக்க வேண்டும். 1990களில் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் அப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். இடுப்பெலும்பின் முன்முனையில் ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைப்பார்கள், நொடிக்கு 200 அதிர்வு. பின்பக்கம் நாரிக்குழிக்குப் பக்கத்தில் ஸ்கேன். இடுப்பெலும்பும் முள்ளந்தண்டின் அடி எலும்பும் சேருகிற மூட்டு அங்கேதான் இருக்கிறது. இரண்டு எலும்பும் எவ்வளவு அதிர்கின்றன என்று கலர் டொப்ளர், அதாவது அசைவை நிறத்தில் காட்டும் ஸ்கேன் முறை, காட்டும்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போயிருப்பீர்கள்தானே? ஸ்குரூ இறுகிய சீற் பஸ்ஸோடு சேர்ந்து அதிரும். கழன்ற சீற் தன்பாட்டுக்கு ஆடும். அதே கதைதான். இரண்டு எலும்பும் ஒரே அளவு அதிர்ந்தால் மூட்டு இறுக்கம், வித்தியாசம் கூடினால் தளர்வு.

இதை வைத்துக் கர்ப்பிணிகளைப் பார்த்தபோது வந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வலி கூடியவர்களுக்கு மூட்டு அதிகம் தளர்ந்திருக்கவில்லை. இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லாமல் இருந்ததுதான் வலியோடு சேர்ந்து வந்தது. தங்கச்சிக்கு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் இது ஆராய்ச்சிக்கூடத்து வேலை. சாதாரண ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதை எதிர்பார்க்காதீர்கள். இலாஸ்டோகிராபி என்று இன்னொரு ஸ்கேனும் இருக்கிறது, அது அளப்பது தசையின் இறுக்கத்தை, மூட்டினுடையதை அல்ல.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும். நாரி விறைத்திருக்கிறது என்று நாம் உணர்வதும் கருவி அளக்கும் விறைப்பும் ஒன்றல்ல. 2017இல் வந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், விறைப்பாக இருக்கிறது என்றவர்களின் முதுகைக் கருவியால் அழுத்தி அளந்தார்கள். மற்றவர்களின் முதுகைவிட அது விறைப்பாக இல்லை. ஆனால் அழுத்திய விசையை அவர்கள் கூட்டிச் சொன்னார்கள். அழுத்தும்போது கூடவே ஓர் ஒலியைக் கேட்கவைத்தால் அந்தக் கணிப்பே மாறியது! பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மூளை முதுகைக் காவல் காக்கிறது.

அதனால் இதற்கென்று ஸ்கேனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். காலில் பலம் குறைந்தால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், தொடையிடுக்கு மரத்தால், ஸ்கேனைப் பற்றி யோசிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் எழுந்து அரை மணித்தியாலத்துக்கு மேலும் விறைப்பு நின்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு விசாரணை.

வீட்டில் நாரிவலிக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் இருக்கிறதா? அதே டொப்ளர் முறையில் பெல்ட்டையும் சோதித்தார்கள். கட்டியதும் மூட்டுத் தளர்வு குறைந்தது. நம்மவர்கள் சேலைக் கொசுவம் செருகும் இடத்தில் கட்டுகிறார்கள், அது மேலே. முன்பக்கம் கைவைத்தால் தட்டுப்படும் இரண்டு எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மூச்சு முட்ட இறுக்கவும் வேண்டாம், கூட இறுக்கியதால் கூடப் பலன் வரவில்லை. நடக்கும்போது கட்டுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். இரண்டு கிழமை கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் தங்கச்சி, பயிற்சியை அதற்குப் பிறகு பார்ப்போம்.