ஆலயத்துக்குள்ளே காணாமற்போன புஸ்தகம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில் சாப்பான் என்ற சம்பிரதி, அதாவது அரசவை எழுத்தன், ராஜாவுக்கு முன்பாக வந்து நிற்கிறான். யோசியா யூதாவை ஆண்ட 18ஆம் வருஷம் அது. ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. சாப்பான் எதை முதலில் சொல்கிறான் என்று பாருங்கள். ஆலயத்தில் சேர்ந்த பணத்தை வேலையை நடத்துகிறவர்களிடம் கொடுத்தாயிற்று என்று கணக்கு ஒப்பிக்கிறான். அதன்பிறகுதான், ஆசாரியனாகிய இல்க்கியா என்னிடம் ஒரு புஸ்தகத்தைக் கொடுத்தான் என்கிறான். அது எந்தப் புஸ்தகம்? கர்த்தர் மோசேயைக் கொண்டு கொடுத்த நியாயப்பிரமாணம்! கடைசி வரியில், ஏதோ ஒரு பொருளைப்போல அதைச் சொல்லுகிறான்.

அந்தப் புஸ்தகம் எங்கே காணாமற்போயிருந்தது? தேவனுடைய வீட்டுக்குள்ளேயே. எதிரிகள் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆசாரியர்கள் இருந்தார்கள், காணிக்கை வந்தது, தச்சரும் கொத்தரும் வேலை செய்தார்கள். எல்லாம் நடந்துகொண்டிருந்தது, வாசிப்பு மட்டும் நின்றுபோயிருந்தது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஊழிய வேலைகளில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் வாரக்கணக்காக நான் வேதத்தைத் திறந்ததெல்லாம் பிறருக்குப் பேசுவதற்குக் குறிப்பு எடுக்கத்தான். ஆலயத்துக்குள் இருந்துகொண்டே புஸ்தகத்தைத் தொலைப்பது எவ்வளவு எளிது என்பதை அப்போது அறிந்தேன்.

நேரமில்லை என்று நாம் சொல்கிறோம். உபாகமம் 17ஆம் அதிகாரத்தில் ராஜாவுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. அவன் சிங்காசனத்தில் உட்காரும்போது, லேவியராகிய ஆசாரியரிடம் இருக்கிற நூலைப் பார்த்து, தனக்கென்று நியாயப்பிரமாணத்தின் ஒரு பிரதியை எழுதவேண்டும். உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்கவேண்டும். தேசத்தில் அவனைவிட வேலை மிகுந்தவன் யார்? யுத்தம், வழக்கு, தூதர்கள் எல்லாம் அவன் வாசலில் காத்திருக்கும். அவனிடம்தான் இதைக் கேட்கிறார் கர்த்தர். காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் இருதயம் தன் சகோதரர்பேரில் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. பொறுப்பு கூடக்கூட வாசிப்பும் கூடவேண்டும் என்பதே அந்தக் கட்டளையின் போக்கு. நம் வாழ்க்கையில் அது தலைகீழாய் நடக்கிறது.

சரி, சாப்பான் வாசித்தான். யோசியா கேட்டான், கேட்டவுடன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். அவன் தன் கண்ணால் வாசித்ததாக அங்கே இல்லை, காதால் கேட்டான். எழுத்தறியாதவர்களும் பார்வை மங்கியவர்களும் மனந்தளர வேண்டாம். வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் ஒரே வசனத்தில் பாக்கியவான்கள் என்று வெளிப்படுத்தின விசேஷம் அழைக்கிறது.

இனி அதே அரண்மனைக்கு மறுபடியும் வாருங்கள். ஏறக்குறைய 18 வருஷங்கள் கடந்துவிட்டன. சிங்காசனத்தில் யோசியாவின் குமாரன் யோயாக்கீம். ஒன்பதாம் மாதம், குளிர்காலம், அவனுக்கு முன்பாக நெருப்பு எரிகிறது. தீர்க்கதரிசியாகிய எரேமியா சொல்லச்சொல்ல அவனுடைய எழுத்தனாகிய பாருக்கு எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும், ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். வாசிக்க, அறுக்க, எரிக்க, சுருள் முழுவதும் சாம்பலாகும்வரை இது நடக்கிறது. ஒருவரும் பயப்படவும் இல்லை, தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவும் இல்லை என்று எரேமியா 36:24 பதிவு செய்திருக்கிறது. தகப்பன் வஸ்திரத்தைக் கிழித்தான், மகன் வசனத்தைக் கிழித்தான். எரிக்கவேண்டாம் என்று ராஜாவைக் கெஞ்சியவர்களில் ஒருவன் கெமரியா. அவன் யாருடைய மகன்? சாப்பானுடைய மகன்! தகப்பன் வாசித்துக் கொடுத்த வசனத்துக்காக மகன் மன்றாடுகிறான். ஒரு வீட்டில் வேதம் இறங்கியிருந்தது, இன்னொரு வீட்டில் ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. பெற்றோரே, உங்கள் வாசிப்பைப் பிள்ளைகள் காதால் கேட்கிறார்களா?

நாம் சுருளை எரிப்பதில்லை. ஆனால் அறுக்கிறோம். எரேமியா 29:11 நம் எல்லோருக்கும் பிரியமான வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனம் எத்தனை பேருக்குத் தெரியும்? பாபிலோனிலே எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அது சொல்கிறது. சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. எழுபது வருஷத்தை அறுத்துவிட்டு ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டால், காத்திருக்க நேரும் நாளில் கர்த்தர் பொய்யர் என்று தோன்றிவிடும். ஆகையால் வசனத்தை அதிகாரத்தோடு வாசியுங்கள், அதிகாரத்தைப் புஸ்தகத்தோடு வாசியுங்கள்.

கணக்கு கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். 66 புஸ்தகங்களுக்கும் சேர்த்து 1189 அதிகாரங்கள். தினமும் மூன்று நான்கு போதும். பிலிப்பியர் நிருபத்தின் நான்கு அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள், கட்டுண்ட ஒரு மனிதனின் சந்தோஷம் எப்படி மேலெழும்புகிறது என்பது தெரியும். லேவியராகமத்தில் களைத்துப்போனால் நின்றுவிடாதீர்கள். அதிலுள்ள பலிகளின் பொருளை விளக்கும் எபிரெயர் நிருபத்தை அருகில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரட்டிப்பாய் வாசித்து ஈடுகட்டவும் வேண்டாம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகிய மன்னா காலைதோறும் புதிதாக இறங்கியது.

யோயாக்கீம் எரித்த சுருள் என்னவாயிற்று? கர்த்தர் வேறொரு சுருளை எடுக்கச் சொன்னார். பாருக்கு மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினான், இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. அந்தச் சுருளின் வார்த்தைகள் இப்போது உங்கள் மடியில் இருக்கின்றன. எரேமியா 36ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். நான் முதல் வசனத்தை வாசிக்கிறேன், அடுத்ததை நீங்கள் சத்தமாய் வாசியுங்கள்.