விரல் நகத்தளவு தீவு, இரண்டு பேரரசுகள்

வணக்கம் நண்பர்களே. பேசத் தொடங்கும் முன் இந்த வரைபடத்தைப் பாருங்கள். கேமராவுக்குச் சற்று அருகில் பிடிக்கிறேன். ஜெர்மனியின் கரையைத் தாண்டி, வடகடலுக்குள், என் விரல் நகத்துக்குக் கீழே ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் ஹெல்கோலாண்ட். முழுத் தீவும் இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதன் கொடியில் பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டைகள். நிலம் பச்சை, பாறை சிவப்பு, மணல் வெள்ளை என்று தீவுக்காரர்கள் அதற்குப் பாட்டே வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டன், ஜெர்மனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பகைதான். கடற்படைப் போட்டி, 1914, பிறகு 1939. வரலாற்றாசிரியர் பால் கென்னடி 1980இல் எழுதிய பெரிய நூலின் தலைப்பே அந்தப் பகை வளர்ந்த கதையைத்தான் சொல்கிறது. இன்றும் படிக்க வேண்டிய நூல் அது. ஆனால் 1914இல் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தால், எல்லாப் பாதையும் போருக்கே வந்து சேர்ந்ததாகத் தோன்றும். அண்மைக்கால ஆய்வாளர்கள் அந்த இடத்தில் நிற்க மறுக்கிறார்கள். கிறிஸ்டோபர் கிளார்க் 2012இல் வெளியிட்ட நூல், 'குற்றவாளி யார்' என்ற பழைய கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, போர் எப்படி வந்தது என்று கேட்டது. லண்டன் பிர்க்பெக் கல்லூரிப் பேராசிரியர் யான் ரூகர் 2017இல் இந்த ஒரு தீவை மட்டும் எடுத்துக்கொண்டு இரு நாடுகளின் கதையையும் எழுதினார். எனக்கு ரூகரின் வழிதான் அதிகம் பிடித்திருக்கிறது. தலைநகரங்களில் தெரியாத ஒட்டுறவு இந்தப் பாறையில் தெரிகிறது.

1807இல், நெப்போலியன் போர்களின் நடுவே, பிரிட்டன் இத்தீவை டென்மார்க்கிடமிருந்து பிடித்தது. பிரிட்டிஷ் பொருள்களுக்கு நெப்போலியன் விதித்திருந்த தடையை மீறி ஐரோப்பாவுக்குள் அவற்றைக் கடத்துவதற்கு இதைவிட வாகான இடம் கிடைக்காது. 1826இல் கடல் குளியலுக்கான உல்லாசத் தலம் உருவானதும் ஜெர்மானியர்கள் வந்து குவிந்தார்கள். ஆளுநர் ஆங்கிலேயர், விருந்தினர் ஜெர்மானியர்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். 1841 ஆகஸ்ட் 26 அன்று ஹோஃப்மான் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் என்ற கவிஞர் இங்கே தங்கியிருந்தபோது ஒரு பாடல் எழுதினார். அதுதான் 'ஜெர்மானியர் பாடல்'. ஜெர்மனி என்ற ஒரே நாடு அன்றைக்கு உருவாகவே இல்லை. அதற்கான பாட்டு பிறந்ததோ பிரிட்டிஷ் மண்ணில்!

1890 ஜூலை 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிரிட்டன் தீவை ஜெர்மனிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபார் மீது பிரிட்டனின் பாதுகாப்புரிமையை ஜெர்மனி ஏற்றுக்கொண்டது. விக்டோரியா மகாராணிக்கே இதில் உடன்பாடு இல்லை. தீவு மக்களையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இந்த இடம் ஆறவே இல்லை. கொடுத்தது, வாங்கியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கைமாறியது மனிதர்கள் குடியிருந்த வீடுகள்.

ஜெர்மனி அதைக் கடற்கோட்டையாக்கியது. 1945 ஏப்ரல் 18 அன்று சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. உயிர்பிழைத்தவர்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் தீவு மீண்டும் பிரிட்டன் கைக்கு வந்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 18இல், பிரிட்டிஷ் கடற்படை சுமார் 6,700 டன் வெடிபொருளை அடுக்கி, கோட்டைகளையும் நீர்மூழ்கிக் கப்பல்களின் பதுங்கிடங்களையும் தகர்த்தது. தீவின் தென்பகுதி சரிந்து அதன் உருவமே மாறியது. பிறகும் விமானப்படை அதைக் குண்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது.

1950 டிசம்பரில், கடுங்குளிரில், ரெனே லாய்டெஸ்டார்ஃப், கேயோர்க் ஃபான் ஹாட்ஸ்ஃபெல்ட் என்ற இரண்டு மாணவர்கள் ஆளில்லாத அந்தத் தீவில் இறங்கினார்கள். ஜெர்மன் கொடி, ஹெல்கோலாண்ட் கொடி, ஐரோப்பிய இயக்கத்தின் கொடி மூன்றையும் ஏற்றினார்கள். ஐரோப்பியக் கொடியும் அங்கே ஏறியதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தீவைத் திருப்பிக் கேட்க வந்தவர்கள், இனி ஒரே ஐரோப்பாவாக வாழ்வோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

1952 மார்ச் 1 அன்று பிரிட்டன் தீவைத் திருப்பிக் கொடுத்தது. மக்கள் இடிபாடுகளுக்குத் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம், இங்கே எழுதப்பட்ட அந்தப் பாடலின் மூன்றாம் சரணம் மேற்கு ஜெர்மனியின் நாட்டுப்பண்ணாயிற்று.