ஊர் முழுக்க ஒரே விடுதி

வணக்கம் நேயர்களே.

ஜப்பானில் ஆற்றோரத்து வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் ஓர் இரவாவது தங்கிப் பார்க்க வேண்டும் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் வாடகையைப் பற்றித்தான் பேசுவேன். அங்கே கணக்கு ஆளுக்கு, அறைக்கு இல்லை. நான்கு பேர் ஒரே அறையில் படுத்தாலும் நான்கு பேருக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். நம்மவர்கள் இணையத்தில் ஒரு தொகையைப் பார்த்துப் பரவாயில்லையே என்று நினைத்துவிட்டு, குடும்பத்துத் தலைகளை எண்ணிப் பெருக்கும்போது மலைத்துப் போவார்கள். இதுபோக வெந்நீர்க் குளியல் வரி என்று ஒன்று உண்டு. பெரும்பாலான ஊர்களில் ஒருவருக்கு 150 யென். குளிக்கக்கூட வரியா என்று கேட்கலாம். ஊற்றைப் பாதுகாக்கவும் ஊரைப் பராமரிக்கவும் போகிற பணம் அது. கொடுத்துவிட்டுப் போவோம்.

இப்படி ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகள் உள்ள வெந்நீர் ஊர்கள் ஜப்பானில் ஏறக்குறைய மூவாயிரம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஃபுகுவோகாவில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நான் போய்வந்த ஊர் குரோகாவா. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

குரோகாவா, தெற்குப் பெருந்தீவான கியூஷுவில், குமாமோதோ மாகாணத்தில், அசோ எரிமலைக்கு வடக்கே ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குறுகிய பள்ளத்தாக்கு. நடுவே ஒரு சிற்றாறு. இந்தத் தண்ணீர் கடைசியில் கியூஷுவின் மிக நீளமான ஆறான சிக்குகோவில் போய்ச் சேரும். இரு கரையிலும் சுற்றுவட்டாரத்திலுமாக ஏறத்தாழ முப்பது விடுதிகள். கறுத்த மரச் சட்டங்கள், மண்ணின் மஞ்சள் நிறத்தில் சுவர்கள், எல்லாப் பக்கமும் மரங்கள். ரயில் இந்த ஊருக்கு வராது.

வெந்நீர் விடுதிகள் ஏன் பெரும்பாலும் ஆற்றோரத்திலேயே இருக்கின்றன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அழகுக்காக மட்டும் அப்படி அமைத்தார்கள் என்று சொல்ல முடியாது. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, எரிமலைச் சூட்டில் காய்ந்து, பாறை வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. ஆறு மலையை அறுத்து அறுத்துத் தோண்டிய இடம்தான் அக்கம்பக்கத்திலேயே பள்ளமான இடம். ஆகவே ஊற்று முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். ஆழ்துளைக் கிணறும் பம்பும் வருவதற்கு முன்பு மனிதர்கள் ஊற்றைத் தேடிப் போனார்களே தவிர, ஊற்று மனிதர்களைத் தேடி வரவில்லை. ஆற்றோரம் குடியிருப்பதற்கு உண்டான விலையையும் கொடுத்தார்கள். வடக்கே யமகாதாவில் உள்ள கின்சான் ஊரை 1913 வெள்ளம் வாரிக்கொண்டு போனது. இன்று புகைப்படங்களில் நாம் பார்த்து வியக்கும் மூன்று, நான்கு அடுக்கு மரவிடுதிகளெல்லாம் அதற்குப் பிறகு எழும்பியவை. குமாமோதோவிலேயே 2020 ஜூலையில் குமா ஆறு பெருக்கெடுத்து, ஹிதோயோஷி என்ற வெந்நீர் ஊரை மூழ்கடித்தது.

குரோகாவாவின் கதை வேறு. வெள்ளத்தால் வராத கஷ்டம் ஆளில்லாமல் வந்தது. 1964-இல் அசோ மலைப்பகுதி வழியாக யமானாமி நெடுஞ்சாலை திறந்தபோது கொஞ்ச காலம் கூட்டம் வந்தது. பிறகு வடிந்துவிட்டது. சுற்றுலாப் பேருந்துகள் பெரிய ஊர்களுக்குப் போயின. இந்த மலைக்கிராமத்தை யார் தேடுவார்கள்? அந்த நாளில் கோதோ தெத்சுயா என்ற இளைஞர், தன் குடும்பத்து விடுதியான ஷின்மெய்கானின் பின்புறப் பாறையை உளியும் சுத்தியலும் கொண்டு குடைய ஆரம்பித்தார். மூன்று ஆண்டுக்கும் மேல் குடைந்தார். பாறைக்குள் ஒரு குகைக் குளியலறை உருவானது. இன்றும் அதில் குளிக்கலாம். சுவரில் கையை வைத்தால் உளி பட்ட கொத்துகள் விரலுக்குத் தட்டுப்படும். உள்ளே போகப் போக இருட்டும் ஆவியுமாக, எதிரே வருகிறவர் முகம் தெரியாது. தண்ணீரின் சலசலப்பை வைத்துத்தான் ஒதுங்க வேண்டும்.

மற்ற விடுதிகள் ஈயோட்டிக்கொண்டிருந்தபோது அவர் விடுதிக்கு மட்டும் ஆள் வந்தது. நியாயமாகப் பார்த்தால் இங்கே பொறாமைக் கதை தொடங்க வேண்டும். அப்படி ஆகவில்லை. வெளியூர் போயிருந்த விடுதிக்காரர்களின் பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவரிடம் யோசனை கேட்டார்கள். அவரும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். திறந்தவெளிக் குளியல் தொட்டி எப்படி அமைப்பது, என்ன மரம் நடுவது என்று எல்லாமே. வெட்டி வடிவம் கொடுத்த தோட்டத்து மரங்களை விட்டுவிட்டு, மலைக்காட்டில் தானாக வளரும் கலவையான மரங்களை நட்டார்கள். இப்போது பார்க்கிறவர்கள் காட்டுக்குள் விடுதி கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் விடுதிகளுக்கு நடுவே காட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. இரண்டு விடுதிகளுக்கு மட்டும் திறந்தவெளித் தொட்டி அமைக்க இடமே இல்லை. அவர்களை என்ன செய்வது? 1986-இல் ஒரு வழி கண்டார்கள். ஓகுனி வட்டாரத்து சுகி என்ற ஊசியிலை மரத்தின் கிளையை வட்டமாக அறுத்து, ஒரு கயிறு கோத்து, தெகாத்தா என்ற மரவில்லை செய்தார்கள். அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ஊரில் மூன்று இடத்தில் திறந்தவெளிக் குளியல் உங்களுடையது. இடமில்லாத அந்த இரண்டு விடுதிகளின் விருந்தாளியும் அக்கம்பக்கத்தில் போய்க் குளித்துக்கொள்ளலாம். வில்லைகளைச் செய்துகொடுக்கும் வேலை ஊரிலுள்ள முதியவர்களுக்குப் போனது. அடுத்ததாக, தெருவோரம் விடுதிக்கு விடுதி போட்டி போட்டு நட்டிருந்த ஏறக்குறைய 200 விளம்பரப் பலகைகளைப் பிடுங்கிவிட்டு, ஒரே மாதிரியான பொதுப் பலகைகளை வைத்தார்கள். ஊர் முழுக்க ஒரே விடுதி, தெருக்கள் அதன் நடைபாதை, ஒவ்வொரு விடுதியும் அதில் ஓர் அறை என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வதை இவர்கள் கணக்குப் புத்தகத்தோடு செய்து காட்டினார்கள்.

இதனால்தான், அறைக்குள்ளேயே தனித் தொட்டி உள்ள விலையுயர்ந்த அறையைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்கக் கதவைச் சாத்திக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஒப்பாது. குரோகாவாவில் சாதாரண அறை போதும். மிச்சப் பணத்துக்கு ஒரு தெகாத்தா வாங்குங்கள்.

சரி, விடுதிக்குள் போவோம். வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளே போட்டுக்கொள்ளத் தரும் ஸ்லிப்பரையும் தாத்தாமிப் பாய்க்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்கு வேறொரு ஜோடி. நகாய்-சான் என்கிற பணிப்பெண் மண்டியிட்டுக் கதவை நகர்த்தி உள்ளே வந்து, தேநீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு சின்ன இனிப்பை வைப்பார். வெறும் வயிற்றோடு சுடுநீரில் இறங்கினால் தலை சுற்றும் என்பதற்காக அந்த இனிப்பு என்று சொல்வார்கள். யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்தும்போது இடது பக்கம் மேலே வரவேண்டும். வலது பக்கத்தை மேலே போட்டால் யாராவது ஓடிவந்து சரிசெய்வார்கள். இறந்தவர்களுக்கு அப்படித்தான் உடுத்துவது.

இனி, நம்மவர்கள் தயங்கும் இடம். பொதுக் குளியலில் உடம்பில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. முதலில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளிகூட இல்லாமல் அலசிவிட வேண்டும். தொட்டி என்பது அழுக்குப் போக்கும் இடமில்லை. சுத்தமானவர்கள் போய் உட்காரும் இடம். தலைமுடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். கைத்துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவையும் முடித்து இறங்கும்போது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்துவிடும். கூச்சம் சில நிமிடம்தான். அதற்கும் மனசு வராதவர்களுக்கு, குடும்பமாகப் பூட்டிக்கொண்டு குளிக்கும் தனி அறைகள் பல விடுதிகளில் உண்டு. பச்சை குத்தியவர்களை உள்ளே விடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. குண்டர் கும்பல்களின் அடையாளம் என்று அங்கே ஒரு பழைய எண்ணம். முன்கையில் கோலம் குத்திய நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.

உடை மாற்றும் அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம். ஊற்றின் வெப்பம், அதில் கரைந்துள்ள உப்புகள், எந்த நோய் உள்ளவர்கள் இறங்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். சட்டப்படி ஒட்டியே ஆகவேண்டும். 1948-இல் வந்த ஒன்சென் சட்டம், அதாவது வெந்நீர் ஊற்றுச் சட்டம், ஊற்றிலேயே 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 வகைப் பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு இருக்க வேண்டும் என்கிறது. குரோகாவாவில் பல ஊற்றுகள் தொடவே முடியாத சூட்டில் வருகின்றன. தொட்டிக்கு வரும்போது 40, 42 டிகிரிக்கு ஆற்றிவிடுகிறார்கள். ஒரு விடுதியில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு, இன்னொன்றில் பால் கலந்த நீலம், வேறொன்றில் துருப்பிடித்த பழுப்பு. ஒரே ஊருக்குள் இத்தனை வித்தியாசம்! திருகோணமலைக் கன்னியாவில் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டவர்களுக்கு வெந்நீர்க் கிணறு புதிதல்ல. ஆனால் கழுத்துவரை அமிழ்ந்து, முகத்தில் குளிர்காற்றும் காதில் ஆற்றுச் சத்தமுமாக உட்கார்ந்திருப்பது வேறு. மார்கழி, தை மாதங்களில் போனால், மூங்கிலில் உருண்டையாகப் பின்னிய விளக்குகளை ஆற்றின் மேலேயே தொங்கவிட்டிருப்பார்கள். மண்டிப்போன மூங்கில் காடுகளை வெட்டிச் சீராக்க வேண்டியிருந்தது. வெட்டிய மூங்கில் விளக்கானது.

சாப்பாடு சிறுசிறு கிண்ணங்களில் வரிசையாக வரும். குச்சியில் குத்தி உப்புத் தடவிச் சுட்ட ஆற்றுமீன், அசோவின் செம்மாட்டு இறைச்சி, குமாமோதோவுக்கே உரிய பச்சைக் குதிரை இறைச்சி. நாம் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புவதற்குள் ஃபுத்தோன் மெத்தையை விரித்து வைத்துவிடுவார்கள். சைவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறியாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. வேகவைத்த முள்ளங்கியிலும் மிசோ சூப்பிலும்கூடக் காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறு இருக்கும். முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கியபின் சொன்னால் சமையற்காரர் கைவிரிப்பார். அன்றைய சந்தைக்கு அவர் காலையிலேயே போய்வந்துவிட்டார். பருப்புப் பொடி எடுத்துப் போவதில் தப்பில்லை. சோறு அருமையாக இருக்கும்.

காலையில் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள். பல விடுதிகளில் இரவோடு இரவாக ஆண், பெண் குளியல் பகுதிகளை மாற்றிவிடுவார்கள். நேற்று நீங்கள் பார்க்காத தொட்டி இன்று உங்களுடையது. ஆனால் வாசலில் தொங்கும் திரையின் நிறத்தைக் கவனித்துவிட்டு நுழையுங்கள். நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. பத்து மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். தெகாத்தாவில் குளியல் மிச்சம் இருந்தால் கவலை வேண்டாம், ஆறு மாதம் செல்லும். முடிந்துபோன வில்லைகளைச் சிலர் ஊர் நடுவிலுள்ள, ஜிஸோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் கோயிலில் கட்டிவிட்டுப் போவார்கள். நோயாளித் தகப்பனுக்காகப் பழம் திருடிய ஏழைக்குப் பதிலாகத் தன் தலையைக் கொடுத்த ஜிஸோ அவர் என்பது ஊர்க் கதை. அந்தத் தலையைச் சுமந்துவந்தவரிடம், என்னை இங்கேயே வை என்று அது சொன்னதாம். வைத்த இடத்தில் வெந்நீர் பொங்கியதாம்.

ஃபுகுவோகாவிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வார இறுதியில் இருக்கை கிடைக்காது. விடுதிக்குப் பதிவு செய்யும் அன்றே பேருந்துக்கும் பதிவு செய்துவிடுங்கள்.

வணக்கம்.