மலை விழுந்து உண்டான ஏரி: ஓஷினென்சேயைச் சுற்றி ஒரு நாள் நடை

வணக்கம் உறவுகளே. மைக்கில் பஞ்சு மாட்டியிருக்கிறேன், அப்படியிருந்தும் காற்று இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது காலை ஒன்பதே கால். நான் நிற்பது சுவிற்சர்லாந்தில், பேர்ன் மாநிலத்துக் கண்டர்ஸ்டேக் ஊருக்கு மேலே, கேபிள் கார் கொண்டுவந்து இறக்கிவிடுகிற இடத்தில். கமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். என்னோடு வந்த ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கம் இறங்கிப் போகிறார்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஓஷினென்சே ஏரி வந்துவிடும். கரையில் நின்று படம் எடுப்பார்கள், ஐஸ்கிரீம் வாங்குவார்கள், வந்த வழியே திரும்புவார்கள். நாங்கள் இந்தப் பக்கம் ஏறப் போகிறோம்.

பெயரை நான் பிழையாகச் சொல்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். முதல் எழுத்து ஓவும் இல்லை, ஏயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டியது. நான் பள்ளிக்கூடம் போனது பேர்னில்தான், எனக்கு அது வரும். தமிழில் எழுதத்தான் வராது.

சரி, நடந்துகொண்டே கதைப்போம். பேர்னிலிருந்து வருவதானால் ஷ்பீட்ஸ் வழியாக ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். விரைவு ரயிலில் ஏறிவிடாதீர்கள். அது 2007இல் திறந்த 34.6 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் புகுந்து நேரே மலைக்கு அந்தப் பக்கம், வாலிஸ் மாநிலத்துக்குப் போய்விடும். பழைய மலைப்பாதையில் போகிற ரயில்தான் கண்டர்ஸ்டேக்கில் நிற்கும். அந்தப் பழைய பாதைக்கும் ஒரு கதை இருக்கிறது. இந்த ஊருக்குத் தெற்கே அதற்கான சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது, 1908 ஜூலை 24 அன்று, பாறை என்று நம்பி வெடிவைத்த இடத்தில் பாறை இல்லை. மேலே இருக்கிற காஸ்டர்ன் பள்ளத்தாக்கின் மணலும் சரளையும் தண்ணீருமாக உள்ளே உடைத்துக்கொண்டு வந்தது. 25 தொழிலாளர்கள் அதோடு போனார்கள், இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பிறகு அந்த இடத்தை விட்டு விலகிச் சுரங்கத்தை வளைத்துக் கொண்டுபோனார்கள். 1913இல் ரயில் ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் அது நேரான சுரங்கம் இல்லை, அந்த வளைவு அப்படியே இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பக்கத்து மலைகள் பார்க்கிற அளவுக்குத் திடமானவை இல்லை. மேலே போனதும் இதைப் பற்றி இன்னும் கதைப்பேன்.

இதோ முதல் கைகாட்டி. மஞ்சள் பலகை, ஆனால் நுனியில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, யாரும் போகலாம். வெள்ளை சிவப்பு வெள்ளை என்றால் மலைப்பாதை: செங்குத்து வரும், ஒடுக்கம் வரும், நல்ல சப்பாத்து வேண்டும், தலைசுற்றக் கூடாது. வெள்ளை நீலம் வெள்ளை என்றால் கயிறு, பனியாறு எல்லாம் பழகிய ஆட்களுக்கானது. அந்த நிறத்தைக் கண்டால் நான் மரியாதையாகத் திரும்பிவிடுவேன்.

பலகையில் தூரம் போட மாட்டார்கள், நேரம்தான் போடுவார்கள். அந்த நேரம் யாருடைய காலுக்கு என்பதுதான் கேள்வி. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடப்பீர்கள் என்று வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். தண்ணீர் குடிக்க நிற்பது, படம் எடுப்பது, மாட்டைப் பார்த்துப் பயந்து நிற்பது ஒன்றும் அதில் இல்லை. போன வருஷம் இது எனக்குத் தெரியாது. மூன்று மணித்தியாலம் என்றால் மூன்று மணித்தியாலம்தானே என்று மத்தியானம் ஒன்றரைக்குத்தான் ஏறத் தொடங்கினேன். அதுவும் ஜிம்முக்குப் போடுகிற சப்பாத்தோடு. பாதி வழியில் மழை தூறியது, சேற்றில் இரண்டு தரம் இருந்து எழும்பினேன், நிலையத்துக்கு வந்தால் கடைசி கேபிள் கார் போய்விட்டது. பிறகென்ன, ஊருக்கு நடை. ஐந்நூறு மீற்றர் அளவில் இறக்கம், முழங்கால் இரண்டும் மூன்று நாள் கதைக்கவே இல்லை. பிழை முழுக்க என்னுடையது. அதனால்தான் இன்றைக்கு வெள்ளன எழும்பி வந்தேன்.

க்ருயெஸாக்! மன்னியுங்கள், ஆட்கள் வருகிறார்கள். க்ருயெஸாக் மித்தநான்ட்! பேர்ன் மாநிலத்தில் வணக்கம் சொல்வது இப்படித்தான். பேர்ன் நகர பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற மனுசர் உங்களை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். அதே மனுசர் மலைப்பாதையில் எதிரே வந்தால் வணக்கம் சொல்லாமல் போக மாட்டார். எத்தனை மீற்றர் உயரத்தில் இந்தக் குணம் மாறுகிறது என்று நானும் பார்த்துக்கொண்டு வருகிறேன், இன்னும் பிடிபடவில்லை.

...

இப்போது பத்தே முக்கால். மூச்சு வாங்குகிறது, கேட்கிறதுதானே. இந்த இடத்துக்கு ஹொய்பேர்க் என்று பெயர். ஹொய் என்றால் காய்ந்த புல், மாட்டுக்குப் பனிக்காலத்துக்கு வைப்பது. கடல் மட்டத்திலிருந்து 1,940 மீற்றர். இனி ஒன்றும் சொல்ல மாட்டேன், கமராவைக் கீழே காட்டுகிறேன்.

...

பார்த்தீர்களா? ஏரி எங்கள் காலடியில் இருக்கிறது. அது 1,578 மீற்றரில், நாங்கள் அதற்கு மேலே முந்நூற்று அறுபது மீற்றர். கரையில் ஊர்கிற அந்தப் புள்ளிகள்தான் காலையில் என்னோடு வந்த ஆட்கள். அங்கே நின்றால் இந்த நிறம் இப்படித் தெரியாது. பனியாறு பாறையை உரசி உரசி மா போல அரைக்கிறது, அந்த மா உருகின தண்ணீரோடு வந்து ஏரியில் மிதக்கிறது, வெயில் அதில் பட்டுச் சிதறும்போது இந்த நீலப்பச்சை வருகிறது. நான் வீடியோவில் நிறம் ஒன்றும் கூட்டவில்லை, சத்தியமாக.

எதிரே வெள்ளையாக நிற்பது ப்ளூம்லிஸ்அல்ப், 3,661 மீற்றர். வலது பக்கமாக வந்தால் ஃப்ரூண்டன்ஹோர்ன். அதற்கும் வலது பக்கம் டோல்டன்ஹோர்ன், 3,638. அந்த டோல்டன்ஹோர்ன் பக்கத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த ஏரி பனியாறு தோண்டின வெறும் பள்ளம் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு அந்தப் பக்கத்து மலை ஒரு பெரிய துண்டாக உடைந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. விழுந்த கற்குவியல் அணை மாதிரிக் குறுக்கே கிடந்தது, பின்னால் தண்ணீர் தேங்கியது. நாங்கள் கேபிள் காரில் வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்த காடும் மேடும் அந்தக் குவியல்தான். மரம் முளைத்து, புல் முளைத்து, இப்போது பார்த்தால் குவியல் என்றே தெரியாது.

இன்னொரு விஷயம். இந்த ஏரியிலிருந்து ஆறு ஒன்று வெளியே ஓடுவதைக் காட்டுங்கள் பார்ப்போம். இல்லை. நாலு பக்கமும் அருவி விழுகிறது, மேலால் ஒரு துளி வெளியே போவதில்லை. அந்தக் கற்குவியலுக்கு இடையால் கசிந்து, நிலத்துக்குக் கீழால் போய், கீழே ஊற்றாக வெளியே வருகிறது. கண்டர்ஸ்டேக்கில் காலை நான் போத்தலில் பிடித்த தண்ணீரும் அநேகமாக இதுதான், குடிதண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அந்த ஊர் இதைத்தான் எடுக்கிறது. உருகின தண்ணீர் வராத பனிக்காலத்திலும் கசிவு நிற்காது, ஆகவே ஏரி பல மீற்றர் கீழே இறங்கிவிடும், பிறகு வெயில் காலத்தில் ஏறும். டிசம்பரில் உறைந்தால் சில வருடங்களில் மே மாதம் வரைக்கும் ஐஸ்தான். மேயில் நீலத் தண்ணீர் பார்க்க வந்து வெள்ளைத் தரையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்கள். ஹொய்பேர்க் பாதைக்கு ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு வாருங்கள். செப்டெம்பர் இன்னும் நல்லது, சனமும் குறைவு.

இனி கொஞ்சம் பயமான கதை. கமராவை ஸூம் பண்ணுகிறேன். டோல்டன்ஹோர்னுக்கு வலது பக்கம், ஒரு சாம்பல் நிறக் கூர்ப்பாறை தெரிகிறதா? ஷ்பிட்ஸ ஷ்டை என்பார்கள், கூர்க்கல் என்றுதான் அர்த்தம். அது நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றரைக் கோடி கன மீற்றருக்கும் மேலான பாறை, சில பகுதிகள் வருடத்துக்குப் பல மீற்றர் கீழே வருகின்றன. பாறை வெடிப்புகளுக்குள் வருடம் முழுக்க உறைந்து கிடக்கும் ஐஸ்தான் சாந்து மாதிரிக் கல்லைக் கல்லோடு பிடித்து வைத்திருந்தது. அது இளகுகிறது. 2018இலிருந்து ரேடார், ஜிபிஎஸ், கமரா எல்லாம் வைத்து அதை இரவு பகலாகப் பார்க்கிறார்கள். அதன் கீழே இருக்கிற சரிவில் ஒரு பகுதியை அடைத்துவிட்டார்கள். அங்கே தடைப்பலகை கண்டால் படம் எடுப்பதற்காகவும் தாண்டாதீர்கள். நாங்கள் நிற்கிற சரிவு ஏரிக்கு இந்தப் பக்கம், இது திறந்திருக்கிறது. ஆனாலும் வீட்டிலிருந்து கிளம்ப முதல் ஏரியின் இணையத்தளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் முன்பு நான் வாசித்துவிட்டுச் சும்மா கடந்து போயிருப்பேன். 2025 மே 28 வரைக்கும். இந்த மலைகளுக்கு அப்பால், தெற்கே லோட்ஷென்டால் என்ற பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்று ஒரு ஊர். மேலே பனியாற்றில் பாறை விழுந்து விழுந்து குவிந்து, அன்றைக்குப் பனியாறே உடைந்து ஊரின் மேல் வந்தது. ஊரின் பெரும்பகுதி மண்ணுக்குள். முந்நூறு பேர் அளவில் சில நாட்களுக்கு முதலே வெளியேற்றியிருந்தார்கள், அவர்களுடைய மாடுகளையும் சேர்த்து. பார்த்துக்கொண்டிருந்தபடியால்தான் அவ்வளவு பேர் தப்பினார்கள். வீட்டை விட்டு, ஒரு பையோடு, திரும்பி வர முடியுமோ தெரியாமல் வெளிக்கிடுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் செய்தியை அம்மா இரண்டு தரம் திரும்பப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

...

ஓபர்பேர்க்லி வந்தாயிற்று. மாட்டுக்காரர் கோடைக்கு வந்து தங்குகிற இடம். மணி கேட்கிறதா? கழுத்து மணிதான், கோயில் இல்லை. என்னுடைய சாப்பாடு: பாணுக்குள் முட்டைப் பொரியல், கட்டைச் சம்பல். பாறையில் இருந்து சம்பல் மணக்கத் திறந்தால் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்தார், கொடுத்தேன், ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். பதிலுக்குத் தன்னுடைய சீஸில் ஒரு துண்டு தந்தார். கோடையில் மலைப்புல் தின்ற மாட்டின் பாலில் மலையிலேயே செய்கிற சீஸ். கடைச் சீஸ் போல் இல்லை, கொஞ்சம் புல் வாசம் அடிக்கும், எனக்குப் பிடிக்கும்.

சீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ப்ளூம்லிஸ்அல்ப் என்ற பெயருக்குப் பூ மேய்ச்சல் என்று அர்த்தம். ஐஸ் மூடிய மலைக்கு ஏன் பூவின் பெயர்? இங்கே ஒரு பழங்கதை, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது முழுக்கப் பூவும் புல்லுமாக இருந்ததாம். அங்கே ஒரு பணக்கார மாட்டுக்காரன். தன் காதலியின் கால் அழுக்குப்படக் கூடாது என்று சீஸ் கட்டிகளால் படி கட்டினானாம். பசியோடு ஏறி வந்த பெற்ற தாய்க்குக் கெட்டுப்போன பாலைக் கொடுத்தானாம். தாய் சபித்தார், மலை இடிந்து ஐஸ் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. எங்கள் ஆட்கள் சொல்கிற கதை போலவே இருக்கிறது, இல்லையா? சீஸ் படிதான் எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

இனி இறக்கம். உன்டர்பேர்க்லிக்கு இறங்குகிற இந்தத் துண்டுதான் முழுப் பாதையிலும் செங்குத்து. இரண்டு கையும் வேண்டும், கமராவை அணைக்கிறேன்.

...

இறங்கிவிட்டேன். வழியில் கன்றோடு ஒரு பசு பாதையில் குறுக்கே நின்றது. அந்த மாதிரி நேரத்தில் கன்றைத் தொடப் போகாதீர்கள், வடிவாக இருக்கிறது என்று கிட்டப் போகவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். நான் சுற்றியதில் பத்து நிமிடம் போனது. பலகையின் கணக்கில் இதுவும் இல்லை.

இப்போது ஏரிக்கரை, மணி இரண்டே கால். கால் இரண்டும் தண்ணீருக்குள். ஆ! ஆகஸ்டில் குளிக்கலாம் என்று சொல்வார்கள், குளிக்கிறார்களும். எனக்குக் கணுக்காலோடு காணும். அங்கே மேகம் கருக்கிறது, கோடையில் பின்னேரம் இடி வருவது இங்கே வழமை, அதுவும் வெள்ளன வந்ததற்கு ஒரு காரணம். ஏதாவது நடந்தால் மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414, சும்மா மனதில் வைத்திருங்கள்.

அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன், சிக்னல் இருக்கிறது. எங்கள் பேர்ன் வீட்டு பல்கனியிலிருந்து தெளிவான நாளில் தெற்கே வெள்ளை வரிசை தெரியும், அதில் ப்ளூம்லிஸ்அல்ப்பும் ஒன்று. அம்மாவுக்குப் பெயர் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக அதைப் பார்த்துத்தான் உடுப்புக் காயப்போடுவார். மலை வழமையைவிடக் கிட்டத் தெரிந்தால் தென்காற்று அடிக்கிறது, அது நின்றதும் மழை வரும் என்பது அவர் கணக்கு, பிழைத்தது குறைவு. உணவகச் சமையலறையில் வேலை, ஞாயிறு கோயில். இந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. போனைத் திருப்பி மலையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளை, இது எங்கட மலை இல்லை. எங்கடது சின்னன்," என்றார். பிறகு சம்பல் காணுமாக இருந்ததா என்று கேட்டார்.

நிலையத்துக்கு இன்னும் நூறு மீற்றர் ஏற்றம் இருக்கிறது. பலகையில் அரை மணித்தியாலம், எனக்கு முக்கால். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன், பற்றரியும் நாலு வீதம்தான்.